அப்படி ஒருவர் இங்கே இல்லை

மூன்றாம் நம்பர் இஸ்திரி பிரஸ்ஸுக்கு மேலே இருந்த மின்விசிறி நின்றுபோனதால் ஒயர்மேன் ஏணி மேல் ஏறியிருந்தான். கீழே அவனுடைய அக்கா ஈரப் படுக்கை விரிப்பை உதறி, பிரஸ்ஸின் மேல் பரப்பி, மூடியை இழுத்தாள். புஸ்ஸென்று கிளம்பிய நீராவி நேராக அவன் முகத்துக்கு வந்தது.

"கொஞ்சம் நிறுத்துக்கா. என்னையும் சேர்த்து இஸ்திரி போட்டுடாதே."

"ஆஸ்பத்திரி வண்டி வாசல்ல நிக்குது. நீ கண்ணை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

"கண்ணை மூடிக்கிட்டுக் கரண்டுல கை வைக்கச் சொல்றா பாரு, கூடப் பிறந்தவ!"

ஹாலில் சிரிப்பு எழுந்தது. ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் கம்பெனி அது. இரண்டு வரிசை பிரஸ்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெண். கதவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், நீராவி படாமல் பிளாஸ்டிக் உறை போர்த்திக்கொண்டு நின்றது. காலையில் 'வந்தாச்சா?' என்று அதில் ஒரு மெயில் வரும். மாலையில் 'அடுத்த ஷிப்டுக்கு யார் யார்?' என்று இன்னொன்று வரும். பதில் போட்டவர்கள்தான் வேலைக்கு வந்தவர்கள். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் அந்தக் கணக்கு தானாகத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும்.

ஹால் முழுமைக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். அது மறந்துவிடக் கூடாதென்று மேசையின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதியே வைத்திருந்தார்கள். கதவோரப் பிரஸ்ஸில் நிற்பவளுக்கு வாசல்காரி என்று பெயர். அவள்தான் எல்லோருடைய பேட்ஜ் நம்பரையும் அடித்து அனுப்புவாள். ஒருத்தி பஸ்ஸைத் தவறவிட்டிருப்பாள், இன்னொருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும். 'வந்துக்கிட்டே இருக்கா' என்று சொல்லிக்கொண்டே வாசல்காரி அவர்கள் நம்பரையும் அடித்துவிடுவாள். வந்து சேர்ந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டே பிரஸ்ஸில் நிற்பாள். யாரும் யாரையும் காட்டிக் கொடுத்ததில்லை.

மேனேஜர் கதவில் நின்று கைதட்டிக் கூப்பிட்டார்.

"ஏய், சர்வர்! இறங்கி வா."

ஒயர்மேனுக்கு அது தன்னைத்தான் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரப் பையன் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். 'கரண்டுல ஓடறதுதானே, நீயே பாத்துக்கோ' என்று மேனேஜர் சாவியை இவன் கையில் கொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து மெயில் சர்வரும் இவன் தலையில். அது தானாக ஓடிக்கொண்டிருந்ததால் இவன் பிழைத்துக்கொண்டிருந்தான்.

மேனேஜர் அறையில் ஒரு மெயிலை அச்செடுத்து மேசை மேல் வைத்திருந்தார்கள். பிரஸ் ஹாலின் பெயரிலிருந்து தலைமை அலுவலகம் வரை எல்லோருக்கும் போயிருந்தது. 'பிரஸ் வால்வு கசிகிறது. இரண்டு பேருக்குக் கை வெந்துவிட்டது. கேட்டால் துணியைச் சுற்றிக்கொள் என்கிறார்கள். என்ன துணி, உங்கள் துணியா எங்கள் துணியா?' அவ்வளவுதான்.

"யார் எழுதினது?"

"தெரியலை சார். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட்."

"அதான் கேட்கறேன், எல்லாருக்கும் எதுக்கு ஒரே பாஸ்வேர்ட்? இது என்ன குழாயடியா? இனிமே ஆளுக்கு ஆள் தனி. எவ எழுதினான்னு மெஷினே சொல்லணும். எந்த முறை நல்லதோ அதைப் போடு. நாளன்னைக்குக் காலையில சங்கு ஊதும்போது ஓடணும்."

"எந்த முறை சார்?"

"எனக்குத் தெரிஞ்சா உன்னை எதுக்குக் கூப்பிடறேன்?"



சர்வர் இருந்தது பழைய கஞ்சி மாவு அறையில். பிரஸ் ஹாலுக்கும் அதற்கும் நடுவே ஒரு சுவர்தான். சுவர் வழியாக மூடிகள் விழும் சத்தம் தொம் தொம்மென்று கேட்டுக்கொண்டே இருக்கும். அதில் மூன்றாம் நம்பரை மட்டும் ஒயர்மேன் தனியாக அடையாளம் கண்டுபிடித்துவிடுவான். வால்வு கசிவதால் தொம்முக்கு முன்னால் அது ஒரு பெருமூச்சு விடும்.

திரையைத் திறந்து, கண்ணாடிக்காரன் சொல்லிக் கொடுத்த இடத்துக்குத் தட்டுத் தடுமாறிப் போய்ச் சேர்ந்தான். ஆட்களை எப்படி அடையாளம் காண வேண்டும் என்று அது ஆங்கிலத்தில் கேட்டது. கீழே மூன்று வழிகள். போனில் மொழிபெயர்த்துப் பார்த்தான். சர்வரே தனக்கென்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்வது ஒரு வழி. கம்பெனியின் ஆள் பட்டியலிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது இன்னொரு வழி. மூன்றாவது, ஒவ்வொரு தடவையும் ஆளின் போனுக்கு ஒரு எண் அனுப்புவது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது. அதை அழுத்தினால் விளக்கம் வந்தது. விளக்கத்தைப் படித்த பிறகு முன்னால் புரிந்ததும் புரியாமல் போனது.

கண்ணாடிக்காரனுக்குப் போன் போட்டான். பஸ் சத்தத்துக்கு நடுவே குரல் வந்தது.

"அண்ணே, உங்க ஆளுங்க எங்க இருக்காங்களோ அங்கதான் கேக்க வைக்கணும்."

"ஆளுங்க ஹால்லதான்டா இருக்காங்க."

"அதில்லைண்ணே, எந்தப் பட்டியல்ல இருக்காங்கன்னு கேட்டேன். நான் அப்புறம் கூப்பிடறேன்."

கூப்பிடவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஒயர்மேன் அந்த மூன்று வழிகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வீட்டுக்கு ஒயர் இழுப்பதென்றால் எந்த ஒயர் எங்கே போகிறதென்று கையால் தொட்டுப் பார்த்துவிடலாம். இதில் தொடுவதற்கு ஒன்றும் இல்லை.

அன்று மாலை வீட்டில் அதே பேச்சுதான். அக்காவும் மாமாவும் இருந்த ஒற்றை அறையின் முன்பகுதியில்தான் அவனுக்குப் படுக்கை. மாமாவுக்கு மூச்சிரைப்பு. சுவரில் சாய்ந்தபடியே இருப்பார், வாய் மட்டும் ஓயாது.

"இதுக்கு எதுக்கு மாப்ள இவ்வளவு யோசனை? நான் வாசல்ல நின்னு ஒரு இருமல் இருமினா உங்கக்கா கதவைத் திறக்கறா. இருமலை வச்சு ஆளைக் கண்டுபிடிக்கற மெஷின் இருக்கான்னு கேளு."

"இருந்தா உங்களை மட்டும்தான் மாமா உள்ள விடும்."

"அப்போ எனக்குத்தான் முதல்ல வேலை நிரந்தரம்," என்றார் மாமா. சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. அக்கா எழுந்து போய் அவர் முதுகை நீவிவிட்டாள்.

நிரந்தரம் என்ற சொல்தான் அந்த வீட்டின் மூச்சே. அக்காவும் ஒயர்மேனும் ஏஜென்ட் மூலம் வந்தவர்கள். ஏஜென்டின் ஆட்கள் ஒரு ஷிப்ட் கூட விடாமல் ஒரு வருஷம் வந்தால் கம்பெனி அவர்களைத் தன் ஆளாக எடுத்துக்கொள்ளும். நடுவில் ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதலிலிருந்து. கம்பெனி ஆளானால் வைத்திய அட்டை கிடைக்கும், மாமாவைக் கம்பெனி ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம். போன தடவை அக்கா பாதி வருஷம் தாண்டியபோது மாமாவைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் ஒரு ஷிப்ட் போய், வருஷமே போனது. இந்தத் தடவை காய்ச்சலோடும் போனாள், வெந்த கையோடும் போனாள். இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி.

"போனுக்கு எண் அனுப்பறது ஆகாது," என்றாள் அக்கா. "உன்னை விடு, எங்க போனைக் கேட்லயே வாங்கி வச்சுக்கறாங்க. எண் வாட்ச்மேன்கிட்டத்தான் போகும்."

"அப்போ சர்வரே ஒரு பட்டியல் வச்சுக்கட்டும். ஒவ்வொருத்தர் பேரா நானே அடிச்சு ஏத்தணும். ஆளுக்கொரு புது பாஸ்வேர்ட் தரணும்."

"புது பாஸ்வேர்டா? எழுதி வச்சாக்கூடப் பாதிப் பேரு தப்பா அடிப்பாளுங்க. நீ ஒரு எழுத்தை மாத்தி ஏத்தினியோ, எவளோ ஒருத்திக்கு ஒரு நாள் போச்சு. என்னை விடு, வாசல்காரிக்கே கண் சரியாத் தெரியாது." அக்கா கழுத்தில் தொங்கிய பேட்ஜைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் காட்டினாள். "இதுல நம்பர் இருக்கில்ல? எல்லாருக்கும் இருக்கு, எல்லாருக்கும் மனப்பாடம். இந்த நம்பரையே போட்டா ஆகாதா?"

ஒயர்மேன் தன் பேட்ஜைத் திருப்பிப் பார்த்தான். அதிலும் ஒரு நம்பர் இருந்தது, மேலே கம்பெனியின் படமும் இருந்தது. நம்பர் கொடுத்திருக்கிறார்கள் என்றால் எங்கேயோ எழுதி வைத்துக்கொண்டுதானே கொடுத்திருப்பார்கள்? அப்படியானால் இரண்டாவது வழிதான். கம்பெனியின் ஆள் பட்டியலிடம் கேட்டுக்கொள்ளட்டும். பேட்ஜ் நம்பர், பாஸ்வேர்டுக்குப் பதில் பிறந்த தேதி, முடிந்தது. காலையிலிருந்து மண்டைக்குள் ஓடிய குழப்பம் சட்டென்று நின்றது.

"அக்கா, நீ மேனேஜரா இருக்க வேண்டியவ."

"இருந்தா முதல்ல வால்வை மாத்தியிருப்பேன். அது சரி, ஒருத்தி தப்பா அடிச்சா மெஷின் என்ன சொல்லும்?"

"இங்கிலீஷ்ல ஏதோ வரும். நான் வேணும்னா தமிழ்ல எழுதலாம். 'தவறான பயனர்'னு போடலாமா?"

"ஏன் அப்படி முகத்துல அடிச்ச மாதிரி? பயந்துடுவாளுங்க. மரியாதையா எழுது. முதல்ல 'மன்னிக்கவும்'னு போடு."

மாமா கையைத் தூக்கினார். "மன்னிக்கவும், அப்படி ஒருவர் இங்கே இல்லை. வீட்டு வாசல்ல வந்து கேட்டா அப்படித்தானே சொல்வோம்? அதுல என்ன பயம்?"

அது மூன்று பேருக்கும் பிடித்திருந்தது. ஒயர்மேன் அதைப் போனில் எழுதி வைத்துக்கொண்டான்.

மறுநாள் மதியம் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தான். ஆபீஸில் சம்பளம் பார்க்கும் கணக்கு மேடத்தைக் கூப்பிட்டு அவருடைய நம்பரையும் பிறந்த தேதியையும் போடச் சொல்லிப் பார்த்தான். வணக்கம் சொல்லி உள்ளே விட்டது. வேண்டுமென்றே இல்லாத ஒரு நம்பரைப் போட்டான். 'மன்னிக்கவும், அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று அழகாக வந்தது. கணக்கு மேடமே "பரவாயில்லையே" என்றார். கடைசியாகச் சர்வர் சிவப்பில் ஒரு கேள்வி கேட்டது. நிர்வாகிக்கும் இதே முறைதானா, அவரை மட்டும் தனியாக விட்டுவிடவா என்பது போல இருந்தது. ஒயர்மேன் யோசித்தான். ஹாலில் இருக்கிற பெண்கள் எல்லாம் நம்பர் அடித்துக்கொண்டு நிற்க, தான் மட்டும் பழைய வழியில் சுளுவாக நுழைவதா? நன்றாக இருக்காது. எல்லோருக்கும் ஒரே மாதிரி என்று தட்டினான். மறுநாள் காலைச் சங்கிலிருந்து நடப்புக்கு வரும் என்றது சர்வர். எழுந்து நின்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மறுநாள் காலை சங்கு ஊதியது. பெண்கள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் வரிசையாக நின்றார்கள். முதலில் வாசல்காரி. நம்பரை அடித்து, தேதியை அடித்து, மூக்கைத் திரையில் இடிக்கிற மாதிரி குனிந்து படித்தாள்.

"மன்னிக்கவும்கறான்டி."

"தேதியைத் தப்பா அடிச்சிருப்பே."

"என் பொறந்த நாள் எனக்குத் தெரியாதா?"

அடுத்தவள் அடித்தாள். அதற்கடுத்தவள் அடித்தாள். அக்கா அடித்தாள், அழித்து ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு மறுபடியும் அடித்தாள். அப்படி ஒருவர் இங்கே இல்லை. உள்ளிருந்து பாய்லர்காரர் கத்தினார், ஸ்டீம் வந்துவிட்டது, துணி குவிகிறது என்று. மேற்பார்வையாளர் வந்து, "மெயிலை அப்புறம் பாத்துக்கலாம், மெஷினுக்குப் போங்க" என்று விரட்டினார். போனார்கள். மூடிகள் விழத் தொடங்கின.

ஒயர்மேன் கணக்கு மேடத்திடம் ஓடினான். அவர் ஆள் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல கம்பெனி ஆளுங்க மட்டும்தானே இருப்பாங்க. ஹால்ல இருக்கறது பூரா ஏஜென்ட் ஆளுங்க. அவங்களுக்கு நம்பர் போட்டுக் குடுக்கறது ஏஜென்ட். எனக்கு அது எப்படி வரும்?"

"கம்பெனி படம் போட்ட பேட்ஜ் மேடம்!"

"படம் எல்லாத்துலயும்தான் இருக்கு. சோப்புத் தூள் பையில கூட இருக்கு."

ஏஜென்டுக்குப் போன் போட்டான்.

"என்னப்பா, என் ஆளுங்க ஒருத்தியும் வரலையாமே?" என்றார் ஏஜென்ட், இவன் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"எல்லாரும் வந்திருக்காங்க. வேலை நடக்குது, சத்தம் கேக்குது பாருங்க."

"காலையில வந்தவங்க பட்டியல் எனக்கும் தனியா மெயில்ல வரும், அதுல ஒருத்தியும் இல்லையே?"

"அது தப்பு. நீங்க கம்பெனிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"கம்பெனி மெஷின் வரலைன்னு சொல்லுது, நான் வந்தாங்கன்னு எப்படிச் சொல்றது? கம்பெனிகிட்ட கேளு."

மேனேஜர் அறைக்கு ஓடினான். மேனேஜர் எழுந்து கண்ணாடிச் சன்னல் வழியாக ஹாலைப் பார்த்தார். இரண்டு வரிசையிலும் பெண்கள் குனிந்தும் நிமிர்ந்தும் கொண்டிருந்தார்கள். பிறகு தன் திரையைப் பார்த்தார். பிரஸ் ஹால், வந்தவர்கள்: யாருமில்லை.

"சார், நீங்களே பாக்கறீங்க. எல்லாரும் இருக்காங்க."

"இருக்காங்க. யார் இல்லைன்னது?"

"அப்போ நீங்க எழுதிக் குடுங்க சார்."

"நான் என்னத்தை எழுதறது? கணக்கு தானாப் போறது. கையால எழுதினா தலைமை அலுவலகத்துல என் மேலதான் கேள்வி வரும்." அவர் உட்கார்ந்தார். "கத்தாதே. சங்கு ஊதறதுக்குள்ள பழையபடி மாத்திடு. மாத்தினா சரியாப் போயிடும் இல்ல?"

"போயிடும் சார்."

"அப்போ போய் மாத்து. இங்க எதுக்கு நிக்கறே?"

போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஆனால் மாற்றுவதற்குள் பாய்லர் அறையில் ஃபியூஸ் போனது, அதைப் போட்டுவிட்டுப் போ என்றார்கள். அதைப் போட்டால் துவைக்கும் டிரம்மின் மோட்டார் நின்றது. எல்லாம் ஆஸ்பத்திரித் துணி, நிறுத்த முடியாது. அவன் கஞ்சி மாவு அறைக்கு வந்து சேர்ந்தபோது கை முழுக்கக் கிரீஸ். சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது.

திரையைத் தொட்டான். ஃபியூஸ் போனபோது சர்வரும் ஒரு தடவை அணைந்து எரிந்திருந்தது. யார் என்று கேட்டது. பழைய நிர்வாகிப் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தான். அந்த வழி மூடப்பட்டுவிட்டது, தங்கள் நம்பரைத் தரவும் என்றது. கழுத்திலிருந்த பேட்ஜை வெளியே எடுத்தான். நம்பரை அடித்தான். பிறந்த தேதியை அடித்தான்.

மன்னிக்கவும், அப்படி ஒருவர் இங்கே இல்லை.

அவன் திருதிருவென்று விழித்தான். ஏதோ விரல் வழுக்கியிருக்கும் என்று கையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் அடித்தான். மெதுவாக, ஒவ்வோர் எண்ணாக, காலையில் அக்கா செய்தது போலவே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு அடித்தான். இந்தச் சர்வரின் சாவி அவன் இடுப்பில் தொங்கியது. இதற்குக் கரண்டு வருகிற ஒயரை இழுத்தவன் அவன். இந்த வாசகத்தை எழுதியவனும் அவன்தான். கண்ணாடிக்காரனுக்குப் போன் போட்டான், மணி அடித்துக்கொண்டே இருந்தது. கணக்கு மேடத்தின் நம்பரைப் போட்டுப் பார்த்தான். அவருக்கு வணக்கம் சொன்னது, ஆனால் உள்ளே மாற்றுகிற உரிமை அவருக்கு இல்லை என்றது. மேனேஜர் அறைக்கு ஓடினால் அது பூட்டியிருந்தது. திரும்பி வந்து இன்னொரு தடவை தன் நம்பரை அடித்துக்கொண்டிருக்கும்போது சங்கு ஊதியது.

திரையின் ஓரத்தில் ஒரு சின்ன உறைப் படம் தோன்றி, பறந்து, மறைந்தது. கணக்கு போய்விட்டது.

சுவருக்கு அப்பால் மூடிகள் ஒவ்வொன்றாக நின்றன. கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது, வலது கையில் சுற்றியிருந்த துணி நனைந்திருந்தது.

"மாத்திட்டியாடா?"

அவன் திரைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான். அவள் அவன் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டுக் குனிந்து படித்தாள்.

"இது யாருக்கு வந்தது?"

"எனக்கு."

அக்கா அவனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கணக்கு போயிடுச்சா?"

"போயிடுச்சுக்கா."

அவள் அங்கிருந்த மாவு மூட்டை மேல் உட்கார்ந்தாள். கைத்துணியை அவிழ்த்துப் பிழிந்தாள், அதையே மறுபடி இறுக்கிச் சுற்றி, முடிச்சைப் பல்லால் இழுத்துக் கட்டினாள். அவள் ஏதாவது திட்டினால் கூட நன்றாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

"நான் நாளைக்கு எப்படியாவது..." என்று ஆரம்பித்தான்.

"மாமாவுக்கு மாத்திரை எடுத்துக் குடு. நான் வர நேரமாகும்."

"ஏன்? ஷிப்ட் முடிஞ்சிடுச்சே."

"சாயங்கால ஷிப்டுக்காரங்க கேட்டுலயே நிக்கறாங்க. மெஷின்ல பேர் இல்லைன்னு வாட்ச்மேன் உள்ள விடலை." அக்கா எழுந்து முழங்காலில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டாள். "துணி கிடக்குதாம். அதனால உள்ள இருக்கறவங்களையே நிக்கச் சொல்லிட்டாங்க."

அவள் போனாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அப்பால் பிரஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கின. ஒயர்மேன் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தான். பிரஸ் ஹால், வந்தவர்கள்: யாருமில்லை. மூன்றாம் நம்பர் பெருமூச்சு விட்டது. மூடி விழுந்தது.